ரத்த ரிப்போர்ட்டில் ஆயுள் பாவம் பார்க்கும் டாக்டர்கள்

ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு ஆத்திரத்தை இன்னிக்கு இறக்கி வெச்சுடலாம்னு உட்கார்ந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

விஷயம் இதுதான். ஒருத்தருக்குப் பெருங்குடல்ல புற்றுநோய். ஆப்பரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வருஷம் நல்லா நடமாடிக்கிட்டு இருக்கார். அப்புறம் நோய் திரும்புது. ரத்தத்துல சி.இ.ஏ.ன்னு ஒரு டெஸ்ட். நம்பர் ஏறியிருக்கு. உடனே டாக்டர் என்ன பண்றார்? பேஷண்ட்டை வெளியே உட்காரச் சொல்லிட்டு, குடும்பத்து ஆட்கள் ரெண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிடறார். பேப்பரைப் பார்த்துக்கிட்டே "ஆறு மாசம்"ங்கறார். முடிஞ்சுது.

ஜோசியருங்ககூட எட்டாம் இடம், லக்னாதிபதி, சனி எங்கே நிக்கறார்னு நாலு கட்டத்தைப் பார்த்துட்டுத்தான் ஆயுசைப் பத்தி வாயைத் திறப்பாங்க. அதுலயும் நல்ல ஜோசியர்னா ஆயுசு மட்டும் சொல்லமாட்டேன்னு எழுந்துடுவார். இங்கே ஒரே ஒரு நம்பர். அதை வெச்சு ஒரு மனுஷனுக்கு நாள் குறிச்சாச்சு.

நான் டாக்டர் இல்லை. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில 20 வருஷத்துக்கு மேல குப்பை கொட்டறவன். ஆனா 'யார் எப்போ சாவாங்க'ங்கற கணக்கு எங்க தொழிலோட அஸ்திவாரம். இறப்பு அட்டவணைன்னு ஒண்ணு வெச்சிருப்போம். இந்த வயசுல ஆயிரம் பேர் இருந்தா, வர்ற வருஷத்துல இத்தனை பேர் போவாங்கன்னு அது சொல்லும். பெரிய கூட்டத்துக்கு ரொம்பத் துல்லியமாவே சொல்லும். ஆனா அந்த ஆயிரத்துல போறது மேலத்தெரு முருகேசனா கீழத்தெரு முருகேசனான்னு கேட்டா அட்டவணை ஊமை. இது எங்க ஆபீஸ்ல நேத்து சேர்ந்த பையனுக்கும் தெரியும். பத்து வருஷம் மருத்துவம் படிச்சவங்களுக்கு ஏன் தெரியலைங்கறதுதான் என் கேள்வி.

முதல்ல இந்த சி.இ.ஏ. யாரு?

முழுப் பேரு கார்ஸினோ எம்ப்ரியானிக் ஆன்டிஜன். 1965-ல் கனடாவில் மான்ட்ரியால் நகரத்துல ஃபில் கோல்டு, சாமுவேல் ஃப்ரீட்மன்னு ரெண்டு பேர் கண்டுபிடிச்சாங்க. பெருங்குடல் புற்றுக் கட்டியிலயும், வயித்துல வளர்ற சிசுவோட குடல்லயும் இருக்கற ஒரு புரதம். பிறந்ததுக்கு அப்புறம் உடம்பு இதைச் செய்யறதை ஏறக்குறைய நிறுத்திடும். கட்டி வந்தா திரும்பச் செய்ய ஆரம்பிக்கும். அதனால ரத்தத்துல இதை அளந்தா புற்றுநோயைக் கையும் களவுமா பிடிச்சுடலாம்னு அப்போ பெரிய நம்பிக்கை.

போகப் போகத்தான் குட்டு வெளிப்பட்டது. பீடி, சிகரெட் குடிக்கறவங்களுக்கு சி.இ.ஏ. கொஞ்சம் ஏறியே இருக்கும். ஈரல் கெட்டுப்போனா ஏறும், ஏன்னா அதை ரத்தத்துல இருந்து அகற்றுறதே ஈரல்தான். கணைய அழற்சி, குடல் புண், இதெல்லாமும் ஏத்தும். இன்னொரு பக்கம், உடம்பு பூரா நோய் பரவியும் சி.இ.ஏ. அசையாத ஆட்களும் இருக்காங்க. அவங்க கட்டி அந்தப் புரதத்தைச் செய்யறதே இல்லை.

சும்மா சொல்லலை. 2015-ல் காக்ரேன் அமைப்பு 52 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. குடல் புற்றுநோய் திரும்பினவங்க 100 பேரை எடுத்து, மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம்னு கோடு போட்டா, 71 பேரைத்தான் சி.இ.ஏ. பிடிக்குது. 29 பேர் நழுவிடறாங்க. நோய் திரும்பாத 100 பேர்ல 12 பேருக்கு வீணா அபாய மணி அடிக்குது. கோட்டை 10-க்கு உயர்த்தினா வீண் மணி 3 ஆகக் குறையும், ஆனா பிடிபடறவங்களும் 68 ஆகிடறாங்க. நோய் இருக்கா இல்லையான்னு சொல்றதுலயே இதான் லட்சணம். இதை வெச்சுத்தான் ஆயுசு சொல்றாங்களாம்.

மாமா கதை

எங்க மாமா, அம்மாவோட தம்பி. திருநெல்வேலிப் பக்கம். 2014-ல் குடல்ல கட்டி, ஆப்பரேஷன், பக்கத்து நெறிக்கட்டிகள்லயும் நோய் இருந்ததால ஆறு மாசம் கீமோ. ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. 2016 கடைசியில சி.இ.ஏ. 3-ல் இருந்து 9, அப்புறம் 48, அப்புறம் 212.

அந்த 212-ஐக் கையில வெச்சுக்கிட்டு ஒரு டாக்டர் (பேரும் வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம்) மாமா பொண்ணுகிட்ட சொன்னது: "இருநூறைத் தாண்டிட்டா பெருசா எதிர்பார்க்க முடியாதும்மா. ஆறு மாசம் போனா அதிகம். இஷ்டப்பட்டதை வாங்கிக் குடுங்க." இதைச் சொல்லும்போது சி.டி. ஸ்கேன்கூட எடுக்கலை. ஸ்கேனுக்கு அடுத்த வாரம்தான் நாள் குடுத்திருந்தாங்க!

அன்னிக்கு ராத்திரி அவ எனக்கு போன் பண்ணி அழுதா. "அத்தான், 212-ன்னா அவ்வளவுதானா?" அத்தை போனை வாங்கி, "மருமவனே, அவருகிட்ட மட்டும் சொல்லிராதிய"ன்னாங்க.

அடுத்த பத்து நாள் அந்த வீட்டுல நடந்ததைத்தான் நான் மன்னிக்கவே மாட்டேன். சின்னவளுக்கு அவசர அவசரமா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு ஏக்கர் வயலை விலைபேசினாங்க. பெரியப்பா ஒருத்தர் வந்து, "இனி ஸ்கேனு கீனுன்னு எதுக்குப் போட்டு அவனை வதைக்கீங்க"ன்னார். ஸ்கேனையே எடுக்காம விட்டுடலாம்னு பாதிக் குடும்பம் முடிவு பண்ணியாச்சு. மாமா மட்டும் ஒண்ணும் தெரியாம, இவங்க எல்லாம் ஏன் திடீர்னு இவ்வளவு பாசமா இருக்காங்கன்னு முழிச்சுக்கிட்டு இருந்தார். ஒரு நம்பர், ஒரு வாக்கியம். உயிரோட இருக்கற மனுஷனை வீட்டுக்குள்ளயே போட்டோவுல மாட்டிட்டாங்க.

மாமா பொண்ணுதான் பிடிவாதமா ஸ்கேன் எடுக்க வெச்சா. ஈரலோட வலது பக்கத்துல ஒரே ஒரு கட்டி, 4 சென்டிமீட்டர். வேற எங்கயும் இல்லை. அதை எடுத்துக்கிட்டு வேற ஊர்ல, சர்ஜனும் கீமோ டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து பேசற ஒரு இடத்துக்குப் போனாங்க. கீமோ குடுத்துச் சுருக்கி, 2017-ல் ஈரலோட அந்தப் பகுதியை வெட்டி எடுத்தாங்க. அதுக்கப்புறம் மாமா 3 வருஷம் 8 மாசம் இருந்தார். அதே நோய்லதான் போனார்.

இப்போ, "பார்த்தியா, டாக்டர் சொன்னது பொய், 212 ஒண்ணுமே பண்ணாது"ன்னு நான் முடிச்சா அதுவும் அதே அயோக்கியத்தனம்தான். ஒரு மாமாவை வெச்சுக்கிட்டு ஊருக்குத் தீர்ப்பு சொல்றதும், ஒரு நம்பரை வெச்சுக்கிட்டு மாமாவுக்குத் தீர்ப்பு சொல்றதும் அண்ணன் தம்பிங்கதான். அதனால கணக்கையே பார்த்துடுவோம்.

212-க்கு உண்மையிலேயே என்ன மதிப்பு?

மதிப்பு இருக்கு. இல்லைன்னு நான் சொல்லவே இல்லை. நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்ல யுமன் ஃபாங் குழு 1999-ல் ஒரு கணக்கு வெளியிட்டாங்க. குடல் புற்றுநோய் ஈரலுக்குப் பரவி, அதை வெட்டி எடுத்த 1001 பேரோட கதை அது. அஞ்சு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பாயின்ட்:

1. முதல் ஆப்பரேஷன்ல நெறிக்கட்டியில நோய் இருந்துச்சா?
2. ஒரு வருஷத்துக்குள்ளயே ஈரல்ல வந்துடுச்சா?
3. ஈரல்ல ஒண்ணுக்கு மேல கட்டியா?
4. பெரிய கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலயா?
5. சி.இ.ஏ. 200-க்கு மேலயா?

கவனிச்சீங்களா? நம்ம டாக்டர் சொன்ன அந்த 'இருநூறு' இங்கேயும் இருக்கு. ஆனா எங்கே இருக்கு? அஞ்சுல ஒண்ணா, கடைசியா உட்கார்ந்திருக்கு. மத்த நாலுக்கும் பதில் தெரியணும்னா பழைய ஃபைலைப் பிரிக்கணும், ஸ்கேன் எடுக்கணும். அதைச் செய்யாம அஞ்சாவதை மட்டும் உருவி எடுத்துக்கிட்டு நாள் குறிச்சது எந்த ஊர் நியாயம்?

பூஜ்யம் பாயின்ட் வாங்கினவங்கள்ல 100-க்கு 60 பேர் அஞ்சு வருஷம் தாண்டி உயிரோட இருந்தாங்க. ஒண்ணு வாங்கினா 44. ரெண்டுக்கு 40. மூணுக்கு 20. நாலுக்கு 25. அஞ்சுக்கு 14.

இன்னொரு தடவை படிங்க. மூணுக்கு 20, நாலுக்கு 25! அதாவது நிலைமை மோசமானவங்க கொஞ்சம் அதிகமா பிழைச்சிருக்காங்க. இதுல மாயம் ஒண்ணும் இல்லை. மேல போகப் போக அந்தப் பெட்டிகள்ல ஆட்கள் குறைவு, அதனால எண் ஆடுது. 1001 பேரை வெச்சுப் போட்ட கணக்கே இப்படி ஆடுதுன்னா, ஒத்தை ஆளுக்கு எடுத்து ஒட்டினா எப்படி ஆடும்?

மாமாவுக்கு இதுல ரெண்டு பாயின்ட். நெறிக்கட்டிக்கு ஒண்ணு, 212-க்கு ஒண்ணு. அவரை மாதிரி 100 பேர்ல 40 பேர் அஞ்சு வருஷம் தாண்டினாங்க, 60 பேர் தாண்டலை. மாமா அந்த 60 பேர்ல ஒருத்தர். கணக்கு அவரை ஏமாத்தலை. ஏன்னா கணக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலை, அந்த 100 பேரைப் பத்தித்தான் சொன்னது. "ஆறு மாசம்"னு சொன்னது கணக்கு இல்லை, ஒரு மனுஷனோட வாய்.

அந்த 200-ங்கற கோடும் ஒரு வசதிக்குப் போட்டதுதான். 199-க்கு பூஜ்யம், 201-க்கு ஒண்ணு. ரெண்டு லேப்ல, ரெண்டு கம்பெனி கிட்ல டெஸ்ட் பண்ணினா ஒரே ரத்தத்துக்கு அந்த ரெண்டு நம்பருமே வரலாம்.

அப்புறம் அந்த 1001 பேரும் சாதாரண 1001 பேர் இல்லை. ஆப்பரேஷன் தாங்குவாங்கன்னு பொறுக்கி எடுத்தவங்க. அதனால ஆப்பரேஷனே முடியாத நிலைமையில இருக்கறவங்களுக்கு இந்த எண்ணைச் சொல்லி நம்பிக்கை குடுக்கறதும் தப்பு. காலமும் மாறிப்போச்சு. அவங்கல்லாம் 1985-ல் இருந்து 1998 வரைக்கும் ஆப்பரேஷன் ஆனவங்க. ஆக்ஸாலிப்ளாட்டின் அமெரிக்காவுல அனுமதி வாங்கினது 2002-ல். பெவாசிஸுமாப், செடுக்ஸிமாப் ரெண்டும் 2004-ல். இப்போ கட்டியிலயே மரபணு டெஸ்ட் எடுத்துப் பார்க்கறாங்க. ரேஸ் (ராஸ்னும் சொல்றாங்க), பிராஃப், எம்.எஸ்.ஐ.ன்னு. பரவின நிலையில இருக்கறவங்கள்ல ஒரு சின்னப் பகுதிக்கு எம்.எஸ்.ஐ. அதிகமா இருக்கும். அவங்களுக்கு 2020-ல் இருந்து பெம்ப்ரோலிஸுமாப்ங்கற இம்யூனோதெரபி மருந்தை முதல் சிகிச்சையாவே குடுக்கலாம்னு ஆகியிருக்கு. நோய் முத்தாம இருக்கற காலத்தோட நடுப்புள்ளி அந்த ஆய்வுல 16.5 மாசம், பழைய கீமோவுல 8.2 மாசம். ஒருத்தருக்கு சி.இ.ஏ. 212, எம்.எஸ்.ஐ. அதிகம். இன்னொருத்தருக்கும் 212, ஆனா பிராஃப் கோளாறு. ரெண்டு பேரோட எதிர்காலமும் ஒண்ணா? சி.இ.ஏ. பேப்பர்ல இது எங்கேயாவது எழுதியிருக்கா?

இன்னும் ரெண்டு கூத்து

ஒண்ணு. கீமோ ஆரம்பிச்ச முதல் நாலு முதல் ஆறு வாரத்துல, குறிப்பா ஆக்ஸாலிப்ளாட்டின் குடுத்தா, சி.இ.ஏ. குறையறதுக்குப் பதிலா ஏறலாம். மருந்து வேலை செஞ்சு, சாகற செல்கள் புரதத்தைக் கொட்டறதாலயும் அப்படி ஆகும். அந்த நேரத்துல டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டு "மருந்து கேக்கலை"ன்னு முடிவு கட்டினா எப்படி இருக்கும்? வேலை செய்யற மருந்தை நாமே நிறுத்தின புண்ணியம் சேரும்.

ரெண்டு. சி.ஏ. 19-9-னு இன்னொரு மார்க்கர். நம்ம ஊர்ல சி.இ.ஏ.வோட ஜோடி சேர்த்து எழுதித் தள்றாங்க. ரத்தத்துல லூயிஸ் வகைன்னு ஒண்ணு இருக்கு, அது இல்லாத ஆட்களோட உடம்பு இந்த சி.ஏ. 19-9-ஐச் செய்யவே செய்யாது. நூத்துக்கு அஞ்சுல இருந்து பத்து பேர் அப்படி. அவங்களுக்கு நோய் எவ்வளவு முத்தினாலும் ரிப்போர்ட் 'நார்மல்'தான். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2006-லயே குடல் புற்றுநோய்க்கு இதைப் பரிந்துரைக்க ஆதாரம் போதாதுன்னு சொல்லியாச்சு. இங்கே 'ஃபுல் பாடி செக்கப்' பேக்கேஜ்ல, ஒரு நோயும் இல்லாதவனுக்கும் ரெண்டு மார்க்கரையும் சேர்த்து விக்கறாங்க. அது தனியா ஒரு பதிவுக்கான விஷயம்.

அப்போ இந்த டெஸ்ட் எதுக்குத்தான் லாயக்கு?

ஒரு வேலைக்கு நல்லாவே லாயக்கு. ஏறினா "போய்ப் பாரு"ன்னு சொல்லும். "போயிடுவான்"னு சொல்லாது. இந்தப் பதிவுல நான் சொல்ல வந்தது மொத்தமும் இவ்வளவுதான்.

இங்கிலாந்துல 39 ஆஸ்பத்திரிகள்ல 1202 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது, 2014-ல் வெளியாச்சு. ஆப்பரேஷன் முடிஞ்சவங்கள்ல ஒரு கூட்டத்துக்குத் தொந்தரவு வந்தா மட்டும் பார்த்தாங்க. அவங்கள்ல 100-க்கு 2.3 பேருக்குத்தான் திரும்பின நோயை முழுசா அகற்றும் நோக்கத்தோட ஆப்பரேஷன் பண்ண முடிஞ்சது. ஒழுங்கா சி.இ.ஏ. பார்த்தவங்கள்ல அது 6.7. சி.டி. ஸ்கேன் பார்த்தவங்கள்ல 8. ஆக, சி.இ.ஏ. மணி அடிச்சதும் ஓடிப் போய்ப் பார்த்தா, வெட்டி எடுக்கக்கூடிய நிலைமையிலயே சிலரைப் பிடிக்கலாம். மாமாவுக்கு நடந்தது அதான். அந்த 212 ஒரு சாவுச் சேதி இல்லை, ஸ்கேனுக்கு ஓடுன்னு அடிச்ச மணி. டாக்டர் மணியைக் கேட்டுட்டுச் சங்கு ஊதிட்டார்.

நேர்மையா இன்னொண்ணையும் சொல்லணும். அந்த ஆய்வுல ஆப்பரேஷன் கூடினாலும் மொத்த சாவுக் கணக்குல தெளிவான வித்தியாசம் தெரியலை. 2018-ல் 2509 பேரை வெச்சு வந்த கோலோஃபோல் ஆய்வுலயும், அடிக்கடி ஸ்கேனும் சி.இ.ஏ.யும் எடுத்தவங்களுக்கும் எப்பவாவது எடுத்தவங்களுக்கும் ஆயுசுல வித்தியாசம் இல்லை.

இதைவிடப் பழைய கதை ஒண்ணு இருக்கு, கேட்டா கோபம் வரும். இங்கிலாந்துல 1982-ல் ஆரம்பிச்சு 1993-ல் நிறுத்தின ஒரு ஆய்வு. 1447 பேருக்குத் தொடர்ந்து சி.இ.ஏ. பார்த்தாங்க. நம்பர் ஏறின 216 பேரை ரெண்டா பிரிச்சாங்க. 108 பேருக்கு விஷயத்தைச் சர்ஜன்கிட்டச் சொல்லி, வயித்தைத் திறந்து பார்க்கச் சொன்னாங்க. மீதி 108 பேரோட நம்பரைச் சர்ஜனுக்கே சொல்லலை. 1993 பிப்ரவரி வரைக்கும் முதல் கூட்டத்துல 91 பேர் இறந்திருந்தாங்க. ரெண்டாவது கூட்டத்துல 88. நம்பர் தெரிஞ்சதால ஒருத்தரும் கூடுதலா பிழைச்சதாத் தெரியலை.

அந்தக் காலத்து ஸ்கேன் வேற, மருந்து வேற, ஒத்துக்கறேன். இன்னிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனா இந்த முடிவோட முழு அறிக்கை எப்போ வெளியாச்சு தெரியுமா? 2014-ல்! டாம் ட்ரெஷர்னு ஒரு சர்ஜன் தன் கூட்டாளிகளோட பழைய தாள்களைத் தோண்டி எடுத்து வெளியிட்டார். இருபது வருஷத்துக்கு மேல அலமாரியில தூங்கியிருக்கு. அந்த இருபது வருஷமும் உலகம் பூரா இந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துக் குடும்பங்கள் நடுங்கிக்கிட்டு இருந்திருக்கு.

"ஜனங்கதானே கேக்கறாங்க?"

டாக்டர்கள் பக்கத்துல இருந்து வர்ற பதில் எனக்குத் தெரியும். "எத்தனை மாசம்னு நீங்கதானே நச்சரிக்கறீங்க? ஓ.பி.யில வெளியே எண்பது பேர் நிக்கறாங்க. ஏதாவது ஒரு நம்பர் சொன்னாத்தான் எழுந்து போறீங்க."

உண்மைதான். நாம கேக்கறோம். கேக்க வேண்டிய காரணமும் இருக்கு. லீவு போடணும், கடன் அடைக்கணும், வெளிநாட்டுல இருக்கற பையனை வரச் சொல்லணும். பொய்யா "ஒண்ணும் இல்லை, சரியாகிடும்"னு சொல்லச் சொல்லலை. ஆனா ஒத்தை நம்பருக்குப் பதிலா வேற மாதிரி சொல்ல வழி இருக்கு. ஆஸ்திரேலியாவுல சிட்னியில மார்ட்டின் ஸ்டாக்லர், பெலிண்டா கீலின்னு ரெண்டு டாக்டர்கள் இதையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. முத்தின மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளை வெச்சு அவங்க பார்த்தது இது. நடுப்புள்ளி ஒரு வருஷம்னு வெச்சுக்குங்க. பாதிப் பேர் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வருவாங்க. பத்துல ஒருத்தர் மூணு வருஷத்தைத் தாண்டுவார். பத்துல ஒருத்தர் ரெண்டு மூணு மாசத்துலயே போயிடுவார்.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிஷம். "ஆறு மாசம்"னு சொல்றதைவிட ஐம்பது விநாடி அதிகம். அந்த ஐம்பது விநாடியில ஒரு குடும்பம் ரெண்டுக்கும் தயாராகிடும். கெட்டதுக்கும் ஏற்பாடு, நல்லதுக்கும் இடம்.

ஸ்டீபன் ஜே கூல்டுன்னு ஒரு விஞ்ஞானி, ஹார்வர்டு பேராசிரியர். 1982-ல் அவருக்கு வயித்து உறையில மீசோதீலியோமா. நடுப்புள்ளி 8 மாசம்னு புத்தகத்துல போட்டிருந்தது. பாதிப் பேர் எட்டு மாசத்துக்குள்ளன்னா, மீதிப் பாதி எட்டு மாசத்துக்கு மேலதானே, அந்த வால் எவ்வளவு தூரம் நீளுதுன்னு பார்த்தார். 1985-ல் அதைக் கட்டுரையாவே எழுதினார். இருபது வருஷம் இருந்து, 2002-ல் வேற ஒரு புற்றுநோயில இறந்தார். எல்லாரும் கூல்டு ஆகிடுவாங்கன்னு சொல்ல வரலை. வால் இருக்குன்னு சொல்றது டாக்டரோட கடமைன்னு சொல்றேன்.

புது நம்பர் வருது

இப்போ ரத்தத்துல மிதக்கற கட்டியோட டி.என்.ஏ.வை அளக்கறாங்க. சி.இ.ஏ.வைவிடக் கூர்மையான டெஸ்ட். 2022-ல் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த ஆய்வுல, ரெண்டாம் கட்ட நோயாளிகள் 455 பேர். டி.என்.ஏ. டெஸ்டைப் பார்த்து முடிவு பண்ணின கூட்டத்துல 100-க்கு 15 பேருக்குத்தான் கீமோ குடுத்தாங்க, வழக்கமான முறையில 28 பேருக்கு. ரெண்டு வருஷத்துல நோய் திரும்பாம இருந்தவங்க ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், 93.5, 92.4. எவ்வளவு பேருக்கு வீண் கீமோ மிச்சம் பாருங்க!

இது நம்பரை எப்படிப் பயன்படுத்தணும்ங்கறதுக்கு உதாரணம். "இதை வெச்சு அடுத்து என்ன செய்யலாம்?"னு கேட்டாங்க. "எத்தனை நாள்?"னு கேக்கலை. ஆனா எனக்கு நம்ம ஊர் பழக்கம் தெரியும். இந்த டெஸ்ட் தெருமுனை லேபுக்கு வந்ததும் இதையும் ஜாதகமாக்கிடுவாங்க.

நீங்க செய்ய வேண்டியது

வீட்டுல யாருக்காவது இப்படி நம்பர் ஏறினா, கையில ஒரு பேப்பர் வெச்சு இதைக் கேளுங்க:

1. ஒரே லேப்ல, ஒரே முறையில எடுத்த நம்பர்களா இது? ரெண்டாவது தடவை எடுத்தும் ஏறுதா?
2. கீமோ ஆரம்பிச்சு எத்தனை வாரத்துல எடுத்தது?
3. ஸ்கேன் என்ன சொல்லுது? எத்தனை கட்டி, எங்கே?
4. ஈரல் அல்லது நுரையீரல் சர்ஜன் ஒருத்தர் அந்தப் படத்தைப் பார்த்தாரா?
5. ரேஸ், பிராஃப், எம்.எஸ்.ஐ. டெஸ்ட் எடுத்தாச்சா?
6. மாசக் கணக்கு சொன்னா, "எந்த மாதிரி ஆட்களை வெச்சு? அதுல மோசமானது எவ்வளவு, நல்லது எவ்வளவு?"
7. இதையெல்லாம் பேஷண்ட் எதிர்லயே பேசலாமா? அவர் கேக்க விரும்பறாரான்னு அவர்கிட்டயே கேட்டாச்சா?

ஏழாவதுக்குத்தான் நம்ம வீடுகள்ல பெரிய சண்டை வரும். வரட்டும். உயிர் அவரோடது. ஆயுசைப் பத்தின பேச்சுல அவருக்கு மட்டும் நாற்காலி இல்லைன்னா அதைவிட அவமரியாதை வேற இல்லை.

டாக்டர்களுக்கு ஒரே வேண்டுகோள். உங்க படிப்பு மேல, உழைப்பு மேல எனக்கு நிஜமாவே மரியாதை உண்டு. மாமாவுக்கு அந்த 3 வருஷம் 8 மாசத்தை வாங்கிக் குடுத்ததும் உங்கள்ல சிலர்தான். ஆனா ஸ்கேன் வர்றதுக்கு முன்னாடி மாசம் சொல்லாதீங்க. எங்க கம்பெனியில ஒரே ஒரு டெஸ்ட்டைப் பார்த்து ஒருத்தருக்குப் பாலிசியே குடுக்கமாட்டோம். வெறும் பணத்துக்கே நாங்க அவ்வளவு யோசிக்கறோம்!

பி.கு: இதைப் படிச்சுட்டு யாரும் டெஸ்ட்டையோ மருந்தையோ நிறுத்திடாதீங்க. சி.இ.ஏ. எடுங்க, தவறாம எடுங்க. ஏறினா ஸ்கேனுக்கு ஓடுங்க.